வானில் குட்டிக்கரணம், ஒத்திகையில் மரணம்

கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் 2025 நவம்பர் 23-ந்தேதி ஒரு ராணுவ விமானம் வந்து இறங்கியது. அதிலிருந்து இறக்கப்பட்டது ஒரு சவப்பெட்டி. உள்ளே இருந்தவர் விங் கமாண்டர் நமன்ஷ் சியால். அதே சூலூர் தளத்தில் பணியாற்றியவர். அங்கே மரியாதை செலுத்தப்பட்ட பிறகு உடல் அவருடைய சொந்த ஊரான இமாசலப் பிரதேச காங்ரா மாவட்டத்துக்குப் போயிற்று.

அவர் சண்டையில் சாகவில்லை. எதிரி யாரும் சுடவில்லை. நவம்பர் 21-ந்தேதி துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாள். பகல் 2 மணிக்கு மேல். ஜனக்கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தது. தேஜஸ் போர் விமானத்தில் தாழப் பறந்து வித்தை காட்டிக்கொண்டு இருந்தார் சியால். ஒரு திருப்பத்தில் விமானம் உயரத்தை இழந்தது. கண் இமைக்கும் நேரத்தில் தரையில் மோதி நெருப்புப் பந்தாக வெடித்தது.

நம் நாட்டிலேயே தயாரான தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது 2001-ல். 2024 மார்ச்சில் ஜெய்சல்மர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தபோது விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பிவிட்டார். தேஜசில் ஒரு விமானியின் உயிர் போனது துபாயில்தான் முதல் தடவை.

அன்று சாயந்திரம் டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் ஆளாளுக்கு செல்போனை நீட்டிக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஏன்யா அவர் குதிக்கலை?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடினால், இந்தத் தொழிலின் முழு ஆபத்தும் தெரிந்துவிடும்.

மெரினாவில் பார்த்தது

வான சாகசம் சென்னைக்குப் புதிது அல்ல. 2024 அக்டோபர் 6-ந்தேதி, விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவுக்காக மெரினாவில் நடந்த நிகழ்ச்சியை யாரும் மறந்திருக்க முடியாது. லட்சக்கணக்கில் ஜனம். வேளச்சேரியில் இருந்து வந்த ரயில்களில் ஏற இடம் இல்லை. வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் இறந்து போனார்கள்.

ஆக, அன்று உயிர் போனது தரையில்தான். மேலே பறந்த ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. புகை விட்டார்கள், குட்டிக்கரணம் அடித்தார்கள், "என்னப்பா இவ்வளவு கிட்டக்க வர்றான்!" என்று ஜனங்களை வாய் பிளக்க வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பார்த்தவர்களுக்கு அது ஒரு வாணவேடிக்கை.

ஆனால் அந்தப் பத்து நிமிஷ வேடிக்கைக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒத்திகை இருக்கிறது. கூட்டம் இல்லை, மைக் இல்லை, கைதட்டல் இல்லை. நமது சாகசக் குழுக்கள் இழந்த உயிர்களில் பெரும்பாலானவை போனது அந்த ஒத்திகையில்தான்!

பீதாரிலும் யெலகங்காவிலும்

கர்நாடக மாநிலம் பீதாரில் 1996-ல் தொடங்கப்பட்டது 'சூர்யகிரண்' குழு. ஒன்பது விமானங்கள் ஒன்றாகப் பறக்கும் குழு. முதலில் இவர்கள் ஓட்டியது 'கிரண்' என்ற பயிற்சி விமானம். பெங்களூரில் செய்தது.

2006 மார்ச் 18-ந்தேதி பீதார் அருகே பயிற்சியின்போது ஒரு கிரண் விழுந்தது. விங் கமாண்டர் தீரஜ் பாட்டியா, ஸ்குவாட்ரன் லீடர் சைலேந்தர் சிங் இருவரும் பலி. 2009 ஜனவரி 21-ந்தேதி, மறுபடியும் பீதார் அருகே, மறுபடியும் பயிற்சி. இம்முறை பலியானவர் விங் கமாண்டர் தாலிவால்.

பெங்களூர் யெலகங்கா தளத்தின் கதை இன்னும் பரிதாபம். 2007 பிப்ரவரியில் அங்கே ஏரோ இந்தியா கண்காட்சி நடக்க இருந்தது. அதற்கு முன்பாக, பிப்ரவரி 2-ந்தேதி 'சாரங்' ஹெலிகாப்டர் குழு ஒத்திகை பார்த்தது. 'துருவ்' ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து நொறுங்கியது. ஸ்குவாட்ரன் லீடர் பிரியே சர்மா இறந்தார். கூட இருந்த விமானிக்குப் பலத்த காயம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அதே யெலகங்கா, அதே கண்காட்சி. 2019 பிப்ரவரி 19-ந்தேதி. விடிந்தால் திறப்பு விழா. சூர்யகிரண் குழுவின் இரண்டு 'ஹாக்' விமானங்கள் ஒத்திகையில் ஒன்றோடு ஒன்று மோதின. விங் கமாண்டர் சாகில் காந்தி உயிர் இழந்தார். மற்ற இருவர் பாராசூட்டில் குதித்து காயத்தோடு தப்பினார்கள். இடிபாடுகள் குடியிருப்புப் பகுதி அருகே விழுந்தன.

கூட்டிப் பார்த்தால் இந்த நான்கு விபத்துகளில் 5 அதிகாரிகள். ஒருவர்கூட நிகழ்ச்சி நாளில் சாகவில்லை. ஐந்து பேரும் ஒத்திகையிலும் பயிற்சியிலும் போனவர்கள்.

கூட்டத்தின் கண் எதிரே நடந்த விபத்துகளும் இல்லாமல் இல்லை. 1989 அக்டோபர் 8-ந்தேதி டெல்லி பாலத்தில் விமானப்படை தின விழாவில் மிராஜ் விமானத்தோடு விழுந்து இறந்தார் விங் கமாண்டர் ரமேஷ் பக்ஷி. 2010 மார்ச் 3-ந்தேதி ஐதராபாத் பேகம்பேட்டை கண்காட்சியில் கடற்படையின் 'சாகர் பவன்' குழுவின் கிரண் விமானம் ஒன்று அருகில் இருந்த ஒரு கட்டிடத்தின் மேல் விழுந்தது. கமாண்டர் மவுரியாவும் லெப்டினன்ட் கமாண்டர் ராகுல் நாயரும் அதில் பலியானார்கள். அதன் பிறகு துபாய்.

கூட்டத்தின் எதிரில் நடந்தால் நாடு முழுக்கப் பேச்சு. பீதார் கரிசல் காட்டில் நடந்தால் உள்பக்கத்தில் நாலு வரி, அவ்வளவுதான்.

இவர்கள் அனுபவம் இல்லாத பையன்கள் அல்ல. சூர்யகிரணில் சேருவதற்கு, பிறருக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளர் தகுதி வேண்டும். அந்தத் தகுதிக்கான பள்ளி எங்கே இருக்கிறது தெரியுமா? நம் தாம்பரத்தில்! 1954-ல் இருந்து அங்கேதான் விமானப்படையின் பயிற்சியாளர் பள்ளி நடக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்சுக்கு நிற்பவர்கள் தலைக்கு மேல் 'உர்ர்' என்று போகிற சின்ன விமானங்களில் இருப்பவர்கள் வாத்தியாருக்குப் படிக்கிறவர்கள். இறந்தவர்கள் எல்லாம் தேர்ந்த கைகள்.

பிறகு ஏன் விழுகிறார்கள்?

கடற்கரை டூ தாம்பரம் 3 நிமிஷம்

கடற்கரை ஸ்டேஷனில் இருந்து தாம்பரம் சுமார் 30 கிலோ மீட்டர். மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 600 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற விமானத்துக்கு அது 3 நிமிஷப் பயணம். ஒரு வினாடிக்கு 166 மீட்டர். அதாவது 540 அடிக்கு மேல்.

வழக்கமான பறத்தலில் இதனால் ஆபத்து இல்லை. கீழே 30 ஆயிரம் அடி ஆழம் காலி. தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. சாகசத்தில் அப்படி இல்லை. கூட்டத்துக்குத் தெரியவேண்டும் என்றால் தாழப் பறக்கவேண்டும். 500 அடி உயரத்தில் மூக்கு நேராகக் கீழே பார்த்துவிட்டால், தரைக்கு இருப்பது ஒரு வினாடிக்கும் குறைவு. கொஞ்சம் சாய்ந்து இறங்கினாலும் இரண்டு வினாடி.

எதிரும் புதிருமாக வந்து உரசுவதுபோல் கடக்கிறார்களே, அதில் இரண்டு வேகமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கிலோ மீட்டர் இடைவெளி மூன்றே வினாடியில் தீர்ந்துபோகும். கும்பலாகப் பறக்கும்போது சூர்யகிரண் விமானங்களின் இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே 5 மீட்டர்கூட இருக்காது. பூக்கடை பஸ் நிலையத்தில் இரண்டு பஸ் ஒட்டி நிற்பதுபோலத்தான். ஆனால் இவை 600 கிலோ மீட்டர் வேகத்தில், தலைகீழாகவும் போகின்றன.

இந்த இடத்தில் தப்பு என்பது பெரிய தப்பாக இருக்கவேண்டியது இல்லை. ஒரு கூட்டல் கணக்கு போதும்.

அமெரிக்க விமானப்படையின் 'தண்டர்பேர்ட்ஸ்' குழுவில் 2003 செப்டம்பர் 14-ந்தேதி அதுதான் நடந்தது. ஐடாகோ மாநிலத்தில் ஒரு தளம். குழு வழக்கமாகப் பயிற்சி எடுக்கும் நெவாடா தளத்தைவிட அது கடல் மட்டத்துக்கு மேலே ஆயிரம் அடிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. விமானி கிறிஸ் ஸ்டிரிக்லின் உயரத்தைக் கணக்குப் போட்டதில் பிசகு. தரையில் இருந்து 2,500 அடி ஏறியிருக்கவேண்டியவர் 1,670 அடியிலேயே விமானத்தைப் புரட்டிவிட்டார். பாதி வட்டம் அடித்து நிமிர்வதற்கு இடம் போதவில்லை. தரையில் மோத 0.8 வினாடி இருக்கும்போது இருக்கையோடு வெளியே பாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். அந்தப் படம் உலகம் முழுக்க வந்தது. விமானத்துக்குப் பின்னால் நெருப்பு, முன்னால் ஓர் ஆள் வானத்தில்.

தலைவன் போன வழி

இதே தண்டர்பேர்ட்ஸ் குழுவுக்கு 1982 ஜனவரி 18-ந்தேதி நேர்ந்ததை விமானிகள் இன்னும் பேசுகிறார்கள். நெவாடா பாலைவனத்தில் பயிற்சி. நான்கு விமானங்கள் பக்கம் பக்கமாக வரிசை கட்டி ஒரு முழு வட்டம் அடித்தன. மேலே போய்க் கவிழ்ந்து கீழே வந்த நான்கும், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தரையில் மோதின. நான்கு பேரும் பலி.

நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கண் தெரியாமல் போகும்? தலைவரின் விமானத்தில் வால் பக்கக் கட்டுப்பாட்டுக் கருவி சிக்கிக்கொண்டதாக விசாரணை சொன்னது. அவரால் நிமிர்த்த முடியவில்லை. மற்ற மூவரின் விமானங்களில் கோளாறு இல்லை. ஆனால் கும்பலாகப் பறக்கும்போது பக்கத்து விமானி தரையைப் பார்ப்பது இல்லை. வானத்தைப் பார்ப்பது இல்லை. தலைவரின் விமானத்தை மட்டுமே பார்ப்பார். அதில் உள்ள ஒரு விளக்கோ, ஒரு திருகோ, அதைக் குறிவைத்து அதே இடத்தில் நிற்பதுதான் அவர் வேலை. கண்ணை எடுத்தால் மோதல். எடுக்காவிட்டால் தலைவர் போகிற இடத்துக்கே போகவேண்டியது.

கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூட நாம் இப்படி ஒருவரை நம்பிப் போகமாட்டோம். இவர்கள் தினமும் காலையில் போகிறார்கள்.

தலையில் சிமெண்ட் மூட்டை

இனி உடம்பு. விமானம் சட்டென்று திரும்பும்போது விமானியின் எடை பல மடங்கு ஏறுகிறது. 65 கிலோ ஆள், எட்டு மடங்கு இழுப்பில் 520 கிலோ ஆகிவிடுவார். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்தாலும், கழுத்து தாங்கவேண்டியது 48 கிலோ. ஏறக்குறைய ஒரு சிமெண்ட் மூட்டை.

ரத்தமும் அப்படியே கனத்து, தலையில் இருந்து காலுக்கு இறங்குகிறது. முதலில் பார்வை மங்கும். பிறகு குழாய்க்குள் பார்ப்பதுபோல் குறுகும். பிறகு இருட்டு, நினைவு போய்விடும். இதைத் தடுக்க தொடையையும் அடிவயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விடவேண்டும். போர் விமானிகள் காற்று நிரப்பும் தனி உடையும் அணிகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் 'புளூ ஏஞ்சல்ஸ்' குழு மட்டும் அந்த உடையை அணிவது இல்லை. அது ஊதிக்கொண்டால் தொடைமேல் ஊன்றியிருக்கும் கை ஆடும். கை ஆடினால் பக்கத்து விமானத்தில் இடி. ஆகவே வெறும் உடம்பை வைத்தே சமாளிக்கிறார்கள்.

சமாளிக்க முடியாத நாளும் வருகிறது. 2007 ஏப்ரலில் புளூ ஏஞ்சல்ஸ் விமானி கெவின் டேவிஸ், தென் கரோலினாவில் நிகழ்ச்சி முடியப்போகும் நேரத்தில் இப்படித் தடுமாறி விழுந்து இறந்தார். 2011 ஆகஸ்டில் பிரிட்டனின் 'ரெட் ஆரோஸ்' குழுவைச் சேர்ந்த ஜான் எக்கிங், போர்ன்மவுத்தில் நிகழ்ச்சியை முடித்துவிட்டுத் திரும்பும்போது விழுந்தார். அறிவு மங்கியிருக்கலாம் என்றது விசாரணை. 2018 ஏப்ரலில் தண்டர்பேர்ட்ஸ் விமானி ஸ்டீபன் டெல் பானோ, பயிற்சியில் எட்டு மடங்குக்கும் மேலான இழுப்பில் நினைவு இழந்தார். சில வினாடிகள் விமானம் யாரும் ஓட்டாமல் போயிற்று. மோதுவதற்கு ஏறக்குறைய ஒரு வினாடி முன்பு அவருக்கு நினைவு திரும்பி, விமானத்தை நிமிர்த்த முயன்றிருக்கிறார்!

குதித்தால் பிழைக்கலாமா?

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வரலாம்.

இன்றைய போர் விமான இருக்கைக்கு அடியில் ராக்கெட் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு ஆளைத் தூக்கி எறிந்து பாராசூட்டை விரிக்கும். விமானம் தரையில் அசையாமல் நின்றாலும் அது வேலை செய்யும். ஆனால் விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டோ, புரண்டுகொண்டோ இருந்தால் கணக்கு மாறிவிடும். தலைகீழாக இருக்கும்போது இழுத்தால் இருக்கை ஆளைத் தரையை நோக்கித்தான் எறியும்.

அது மட்டும் அல்ல. 'இனி முடியாது' என்று மனசு ஒப்புக்கொள்ளவே ஒரு வினாடி ஆகிறது. விமானத்தை நிமிர்த்திவிடலாம் என்றுதான் கை முதலில் ஸ்டிக்கை இழுக்கும். தாழ்ந்த உயரத்தில் அந்த ஒரு வினாடிதான் மொத்த ஆயுள்.

குதித்தும் பிழைக்காதவர்கள் உண்டு. 2020 மே 17-ந்தேதி கனடாவின் 'ஸ்நோபேர்ட்ஸ்' குழு, கொரோனா முடக்கத்தில் இருந்த மக்களுக்கு உற்சாகம் தருவதற்காக ஊர் ஊராகப் பறந்துகொண்டு இருந்தது. காம்லூப்ஸ் என்ற ஊரில் கிளம்பிய உடனே இன்ஜினுக்குள் ஒரு பறவை புகுந்தது. விமானியும், கூட வந்த கேப்டன் ஜென் கேசியும் இருக்கையோடு வெளியே பாய்ந்தார்கள். உயரம் போதவில்லை. கேசி இறந்தார். அவர் விமானிகூட இல்லை, குழுவின் செய்தித் தொடர்பு அதிகாரி.

இதைவிடக் கொடுமை 2011 நவம்பர் 8-ந்தேதி பிரிட்டனில் ஸ்காம்டன் தளத்தில் நடந்தது. ரெட் ஆரோஸ் விமானி ஷான் கன்னிங்காம் கிளம்பவே இல்லை. விமானம் தரையில் நின்றுகொண்டு இருந்தது. உயிர் காக்கும் இருக்கை தானாகச் சீறிக் கிளம்பி அவரைத் தூக்கி எறிந்தது. பாராசூட் விரியவில்லை. ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டதால் பாராசூட் சிக்கிக்கொண்டது என்று தெரியவந்தது. இருக்கை தயாரித்த மார்ட்டின் பேக்கர் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2018-ல் கோர்ட்டு 11 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

ஆக, 'ஏன் குதிக்கலை' என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நேரம் இருந்திருக்காது. நினைவு இருந்திருக்காது. நிமிர்த்திவிடலாம் என்று நம்பியிருக்கலாம். துபாயில் எது நடந்தது என்று விசாரணைதான் சொல்லவேண்டும்.

கூட்டம் தப்பியது; விமானி தப்பவில்லை

ஒரு காலத்தில் இந்த விபத்துகளில் பார்க்க வந்தவர்களும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1988 ஆகஸ்ட் 28-ந்தேதி மேற்கு ஜெர்மனியில் ராம்ஸ்டைன் தளத்தில், இத்தாலியக் குழு புகையால் இதயப் படம் வரைந்து அதைத் துளைத்துக்கொண்டு போகும் வித்தையைக் காட்டியது. மூன்று விமானங்கள் மோதின. ஒன்று கூட்டத்துக்குள் வந்து விழுந்தது. மூன்று விமானிகளையும் சேர்த்து 70 பேர் பலி. 2002 ஜூலை 27-ந்தேதி உக்ரைனில் ல்விவ் நகரில் சுகோய்-27 விமானம் கூட்டத்தின் மேல் உருண்டது. குழந்தைகள் உள்பட 77 பேர் பலி. அங்கே விமானிகள் இருவரும் குதித்துத் தப்பிவிட்டார்கள். கோர்ட்டு அவர்களுக்கு 14 ஆண்டும் 8 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது.

இந்த மாதிரி சாவுகளுக்குப் பிறகுதான் பல நாடுகளில் விதிகள் இறுகின. கூட்டம் நிற்கும் கோட்டுக்கும் விமானத்துக்கும் நடுவே இவ்வளவு தூரம் வேண்டும், கூட்டத்தை நோக்கி மூக்கை நீட்டக்கூடாது என்றெல்லாம் வரம்பு கட்டினார்கள். துபாயில் பார்வையாளர் ஒருவரும் சாகவில்லை.

பார்க்கிறவனுக்கு வந்த பாதுகாப்பு ஓட்டுகிறவனுக்கு அதே அளவுக்கு வரவில்லை. கூட்டத்தை விட்டு விலகிப் போ என்பதற்கு விதி எழுதலாம். தரையை விட்டு விலகிப் போ என்று எழுதினால் வித்தையே இல்லை!

எதற்காக இது?

ராணுவம் காரணங்கள் சொல்கிறது. இளைஞர்கள் படையில் சேர ஆசைப்படுவார்கள். படையின் திறமையை மக்கள் நேரில் பார்ப்பார்கள். நட்பு நாடுகளிடம் நம் பெயர் நிற்கும். துபாய் போன்ற சந்தையில் இன்னொன்றும் உண்டு. அது வியாபாரம். விமானத்தை வாங்க வருகிறவன் முன்னால் அது எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பும், எவ்வளவு தாழப் புரளும் என்று காட்டவேண்டும். மூர் மார்க்கெட்டில் சாமான் விற்றவன் தட்டிக் காட்டினான்; இங்கே ஓர் அதிகாரியின் உயிரை உள்ளே வைத்துத் தட்டிக் காட்டுகிறார்கள்.

காரணங்களைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. மெரினாவில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பையன்களில் ஒருவனாவது நாளை தாம்பரத்துக்குப் போகக்கூடும். இந்தக் குழுக்களில் சேர்கிறவர்களும் கட்டாயத்தில் வருவது இல்லை. போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். சூர்யகிரண் குழு 2011-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தனை பேர் இறந்தார்களே, அதனால் அல்ல! தொடக்கப் பயிற்சி விமானங்கள் 2009-ல் முடங்கிவிட்டதால், புதிய விமானிகளுக்குச் சொல்லித்தர கிரண் விமானங்கள் தேவைப்பட்டன. விமானத் தட்டுப்பாடு. 2015-ல் ஹாக் விமானங்களோடு குழு மறுபடியும் மேலே போயிற்று. நாலு வருஷத்தில் சாகில் காந்தி.

அறிக்கை எங்கே?

ஆகவே சாகசத்தை நிறுத்துவதா வேண்டாமா என்பதைவிட அவசரமான கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. விழுந்தது ஏன் என்று வெளியே சொல்கிறார்களா?

மேலே சொன்ன அமெரிக்க, பிரிட்டிஷ் விபத்துகளில் காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவது எப்படி? விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். ஸ்டிரிக்லின் எத்தனை அடியில் புரட்டினார், டெல் பானோ எத்தனை வினாடி நினைவு இல்லாமல் இருந்தார் என்பது அறிக்கையில் அச்சாகி இருக்கிறது. ஸ்டிரிக்லின் விபத்துக்குப் பிறகு அந்தக் குழு உயரத்தைக் கணக்கிட்டு உரக்கச் சொல்லும் முறையையே மாற்றியது. கூடுதலாக ஆயிரம் அடி ஏறிய பிறகே புரட்டவேண்டும் என்று விதி வந்தது. வேறு நாட்டு விமானியும் அதைப் படித்துப் பாடம் கற்கலாம்.

இங்கேயும் ஒவ்வொரு விபத்துக்கும் விசாரணை மன்றம் அமைக்கப்படுகிறது. துபாய் விபத்துக்கும் விமானப்படை உடனே உத்தரவு போட்டது. ஆனால் முழு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது நம் வழக்கம் இல்லை. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே முப்படைத் தளபதி பிபின் ராவத் இறந்த ஹெலிகாப்டர் விபத்தில்கூட, அதுவும் சூலூரில் இருந்து கிளம்பியதுதான், அடுத்த மாதம் வந்தது ஒரு சுருக்கமான அறிவிப்பு. மேகத்துக்குள் புகுந்ததால் விமானி திசை தடுமாறினார் என்று சில வரிகள்.

ரகசியத்துக்கும் ஒரு நியாயம் சொல்வார்கள். போர் விமானத்தின் பலவீனம் எதிரிக்குத் தெரியக்கூடாது; சாட்சி சொல்கிற சக விமானிகள் பயப்படாமல் பேசவேண்டும். சரிதான். ஆனால் சூர்யகிரண் ஓட்டுவது பயிற்சி விமானம். பீதாரில் 2006-ல் விழுந்தது பெங்களூரில் செய்த பழைய கிரண். அதில் எந்த எதிரிக்கு என்ன ரகசியம்? இறந்தது விமானியின் தவறால் என்றால் பயிற்சியைத் திருத்தலாம். இயந்திரத்தின் கோளாறு என்றால் இறந்தவர் பெயரில் ஒட்டியிருக்கும் பழி நீங்கும். அறிக்கை பெட்டிக்குள் இருக்கிறவரை, 'பைலட் ஏதோ தப்புப் பண்ணிட்டாராம்' என்ற பேச்சுதான் அந்தக் குடும்பத்தின் காதில் விழுந்துகொண்டு இருக்கும்.

துபாயில் சியால் விழுந்து புகை அடங்கியதும் கண்காட்சி தொடர்ந்தது. அடுத்தடுத்த விமானங்கள் பறந்தன. அதே மேடையில் ஆட வந்திருந்த அமெரிக்க எப்-16 குழு தன் கடைசி நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டது. ஒருவர் இறந்த பிறகும் எதுவும் நடக்காததுபோல் கூட்டமும் அறிவிப்புகளும் தொடர்ந்ததைப் பார்த்து மனம் ஒப்பவில்லை என்று அந்தக் குழுவின் தலைவர் பின்னர் எழுதினார்.

யெலகங்காவில் அந்த அளவுகூட இல்லை. சாகில் காந்தி இறந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் ஏரோ இந்தியா குறித்தபடி திறக்கப்பட்டது.